தெய்வத்தின் உடைமையும் கண்டெடுத்தவர் கடமையும்

தெய்வத்துக்கென்று கொடுத்துவிட்ட ஒரு பொருள், அந்தத் தெய்வத்தை வணங்குவோர் ஒருவர்கூட இல்லாமற்போன காலத்தில் யாருடையது என்ற கேள்வி, ஏட்டுத் தர்க்கத்துக்கு மட்டும் உரியதாகத் தோன்றலாம். இங்கிலாந்தின் உழுநிலங்களிலோ அது ஆண்டுதோறும் மண்ணோடு சேர்ந்தே மேலே வருகிறது. கி.பி. 43 முதல் ஏறத்தாழ 410 வரை ரோமப் பேரரசின் மாகாணமாக இருந்த அந்நாட்டில், அக்காலத்து மக்கள் கோயில்களிலும் ஊற்றுகளிலும் திறந்தவெளி வழிபாட்டிடங்களிலும் இட்ட நாணயங்கள், சிற்றுருவங்கள், வெள்ளித் தகடுகள், எழுத்துப் பொறித்த ஈயத் தகடுகள் ஆகியவை இன்று கோதுமையும் பார்லியும் விளையும் வயல்களின் அடியில் கிடக்கின்றன. மெட்டல் டிடெக்டர் என்னும் உலோகங்காணும் கருவி, தன் கம்பிச் சுருளில் மாறுமின்னோட்டம் செலுத்தி மண்ணுக்குள் காந்தப்புலம் ஒன்றை எழுப்புகிறது. அப்புலத்தால் புதைந்த உலோகத்தில் சிறு மின்சுழல்கள் தோன்ற, அவற்றின் எதிர்ப்புலத்தைக் கருவி உணர்ந்து ஒலி எழுப்புகிறது. உலோகம் இருக்கும் இடத்தை அது காட்டும். அது தொலைந்த பொருளா, ஒளித்துவைத்த பொருளா, தெய்வத்துக்குக் கொடுத்த பொருளா என்பதைக் காட்டாது. இக்கட்டுரை ஆராயும் சிக்கல் முழுவதும் அந்த வேறுபாட்டில்தான் அடங்கியிருக்கிறது.

பண்டைய சிந்தனையாளர்கள் புதைபொருளைப் பற்றி ஒருமித்த கருத்துக் கொண்டிருக்கவில்லை. பிளேட்டோ தம் ‘சட்டங்கள்’ என்னும் நூலின் பதினோராம் பகுதியில், தன் முன்னோர் அல்லாத ஒருவர் சேமித்துப் புதைத்ததை யாரும் தோண்டி எடுக்கலாகாது என்றும், அதை எடுப்பதால் செல்வம் பெருகுவதைவிட எடுக்காமல் விடுவதால் உள்ளத்தில் அறம் பெருகுவதே பெரிய ஆதாயம் என்றும் வாதிடுகிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் இதற்கு மாறாக, நெடுங்காலத்துக்கு முன் புதைந்து உரியவர் எவரும் இல்லாமற்போன பொருளை எடுப்பது திருட்டாகாது என்றும், நாட்டுச் சட்டம் நிலத்துக்குரியவருக்குப் பங்கு விதித்திருந்தால் அதைக் கொடுத்துவிட்டால் போதும் என்றும் கொள்கிறார். இருவருமே புதைத்தவரை மனிதராகவும் புதைத்ததைச் செல்வமாகவும் எண்ணியே பேசுகின்றனர். புதைத்தவர் அதைத் தன் செல்வக் கணக்கிலிருந்து முற்றாக நீக்கித் தெய்வத்தின் கணக்கில் வைத்துவிட்டிருந்தால் என்ன செய்வது என்பதற்கு இவ்விரு நிலைப்பாடுகளிலும் நேரடி விடை இல்லை.

அந்த விடையின் தொடக்கம் ரோமச் சட்டத்தில் இருக்கிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் காயுஸ், பொருள்களைத் தெய்வ உரிமைக்கு உட்பட்டவை, மனித உரிமைக்கு உட்பட்டவை என இரண்டாகப் பிரித்தார். மேலுலகத் தெய்வங்களுக்கு முறைப்படி அர்ப்பணித்தவை ‘ரெஸ் சாக்ரே’, அதாவது புனிதப் பொருள்கள். இறந்தோரின் ஆவிகளுக்கு விடுத்த கல்லறைகள் போன்றவை ‘ரெஸ் ரெலிகியோசே’. இவை எந்த மனிதருடைய சொத்துக்கணக்கிலும் சேரா. விற்கவோ வாங்கவோ உரியவை அல்ல. பிரிட்டன் போன்ற மாகாணங்களில் நிலத்தின் உரிமை ரோம மக்களுக்கோ பேரரசருக்கோ உரியது என்பதால் அங்கு அர்ப்பணித்த இடம் கண்டிப்பான பொருளில் புனிதம் ஆகாது எனினும், புனிதமாகவே கருதி நடத்தப்படும் என்பதையும் காயுஸ் சேர்த்தே சொல்கிறார். இன்னொரு புறம், புதையல் என்பதற்குச் சட்ட அறிஞர் பவுலுஸ் தந்த வரையறை, நினைவில் எவருக்கும் எஞ்சாததால் உரியவர் அற்றுப்போன பழைய பணவைப்பு என்பதாகும்; அத்தகையதைப் பேரரசர் ஹேட்ரியன் கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்குரியவருக்கும் சரிபாதியாகப் பிரித்தார்.

ஆகவே ‘யாருக்கும் உரியதல்ல’ என்ற ஒரே தொடர் இருவேறு நிலைகளைக் குறிக்கக் காண்கிறோம். புதையல் யாருக்கும் உரியதல்ல என்பது ஓர் இழப்பின் விளைவு: உரியவர் இருந்தார், மறந்துபோயிற்று. காணிக்கை யாருக்கும் உரியதல்ல என்பது ஒரு செயலின் விளைவு: உரியவர் தம் வாயால் சொல்லி, தம் கையால் இட்டு, மனிதர் எவருக்கும் இனி இது வேண்டாம் என்று விலக்கினார். முதலாவது வெற்றிடம் என்பதால் அதைக் கண்டெடுத்தவர் நிரப்பலாம். இரண்டாவது அப்படிப்பட்ட வெற்றிடம் அன்று. ஒருவர் உறுதியாக நிறுத்திவிட்டுப் போன வேலி அது.

அந்த வேலி எவ்வளவு உறுதியானது என்பதை ரோம வழிபாட்டு முறை காட்டுகிறது. ‘வோட்டும்’ என்ற அவர்களது வேண்டுதல், தமிழர் நன்கறிந்த நேர்த்திக்கடனின் அமைப்பையே கொண்டது. இன்னது நடந்தால் இன்னது தருவேன் என்று தெய்வத்தின் முன் சொல்வது முதற்படி. நடந்தபின் சொன்னதைச் செலுத்துவது இரண்டாம் படி. இடைப்பட்ட காலத்தில் அம்மனிதர் தெய்வத்துக்குக் கடன்பட்டவர். செலுத்தியதற்குச் சான்றாக, தாமாக மனமுவந்து, தெய்வத்தின் தகுதிக்கேற்பக் கடனைத் தீர்த்தார் என்னும் பொருள்தரும் இலத்தீன் தொடரின் நான்கு முதலெழுத்துகளைப் பொறித்துவைத்தனர். பிரிட்டனிலும் கல்லிலும் உலோகத்திலும் பரவலாகக் காணப்படும் அந்நான்கு எழுத்துகள், ஒரு விதத்தில் கடன்தீர்ந்த பற்றுச்சீட்டு.

இந்தச் சட்ட மனப்பாங்கு மிகக் கூர்மையாக வெளிப்படுவது சாபத் தகடுகளில். பாத் நகரின் வெந்நீர் ஊற்றில் சூலிஸ் மினர்வா என்னும் தேவிக்கும், குளூஸ்டர்ஷயரின் யூலி என்ற ஊரை அடுத்த குன்றில் மெர்க்குரி தெய்வத்துக்கும் மக்கள் ஈயத் தகடுகளில் முறையீடு எழுதிச் சுருட்டியோ மடித்தோ இட்டனர். பாத்தில் மட்டும் ஏறத்தாழ 130 தகடுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. முறையீடுகளில் பெரும்பாலானவை திருட்டைப் பற்றியவை. தொசிலியானுஸ் என்பவர், தம் முக்காட்டு மேலங்கியைத் திருடியவர் ஆணோ பெண்ணோ, அடிமையோ சுதந்திரரோ, அங்கியைக் கோயிலுக்குக் கொண்டுவரும்வரை உறக்கமும் மக்கட்பேறும் இன்றி அலையட்டும் என்று சூலிஸிடம் வேண்டுகிறார். யூலியில் சத்துர்னினா என்ற பெண், தொலைந்த தம் லினன் துணியைப் பற்றி எழுதி, மீட்டுத் தந்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு தெய்வத்துக்கு என்கிறார். திருடுபோன பொருளை, அல்லது அதன் ஒரு பங்கை, அப்போதே தெய்வத்துக்கு எழுதிக்கொடுத்துவிடுவதுதான் இத்தகடுகளின் நுட்பம். அந்த நொடியிலிருந்து திருடர் வைத்திருப்பது சத்துர்னினாவின் துணியை மட்டுமன்று, தெய்வத்தின் உடைமையையும்கூட. தெய்வத்தின் பொருளைக் கையில் வைத்திருப்பவருக்கு நலம் இல்லை என்ற அச்சம், சிவன் சொத்து குலநாசம் என்று சொல்லிப் பழகிய மக்களுக்குப் புதியதன்று.

லிட்னி என்னும் இடத்திலிருந்த நோதென்ஸ் தெய்வத்தின் கோயிலில், சில்வியானுஸ் என்பவர் தம் மோதிரம் தொலைந்ததையும், அதன் மதிப்பில் பாதியைத் தெய்வத்துக்குக் கொடுத்துவிட்டதையும் எழுதி, செனிசியானுஸ் என்ற பெயர் உடையோருக்கு அது கோயிலுக்குத் திரும்பும்வரை நலம் கூடாது என்று வேண்டிய ஈயத் தகடு கிடைத்துள்ளது. 1785இல் அங்கிருந்து தொலைவில், ஹாம்ப்ஷயரின் சில்செஸ்டர் அருகே ஒரு வயலில் பெரிய பொன்மோதிரம் ஒன்று கிடைத்தது. அதில் வீனஸ் தேவியின் உருவமும், செனிசியானுஸ் கடவுளில் வாழ்க என்ற பொருளுடைய கிறித்தவ வாசகமும் இருந்தன. இரண்டும் ஒரே மோதிரத்தைப் பற்றியவை என்று உறுதிப்படுத்த வழியில்லை. ஒரே மோதிரம் என்று கொண்டால், பாதி தெய்வத்துக்கு உரிய ஒரு பொருள் வேறொரு சமயத்தின் வாசகத்தைத் தாங்கி, வேறொரு மண்ணில் பல நூற்றாண்டு கிடந்து, நிலத்தில் உழைத்தவர் கையில் வந்து சேர்ந்திருக்கிறது. அந்தப் பாதி என்ன ஆயிற்று என்று கேட்க அப்போது ஒருவரும் இருக்கவில்லை.

இங்கிலாந்தின் சட்டம் இக்கேள்வியை வேறொரு வழியில் சந்தித்தது. அந்நாட்டின் பழைய வழக்காற்றுச் சட்டப்படி, பொன்னோ வெள்ளியோ திரும்ப எடுக்கும் எண்ணத்தோடு ஒளித்துவைக்கப்பட்டு, உரியவர் தெரியாதிருந்தால் மட்டுமே அது அரசுக்குரிய புதையல். திரும்ப எடுக்கும் எண்ணமின்றி விடப்பட்டது புதையல் ஆகாது. எனவே, 1939இல் சட்டன் ஹூ என்னுமிடத்தில் ஓர் ஆங்கிலோ-சாக்சன் மன்னருக்குரியதாகக் கருதப்படும் கப்பற்புதைவு கிடைத்தபோது, இறந்தவரோடு புதைத்ததை யாரும் மீண்டும் எடுக்க எண்ணியிருக்க மாட்டார்கள் என்ற காரணத்தால் விசாரணை மன்றம் அதை நிலத்துக்குரியவரான ஈடித் பிரெட்டியின் உடைமை என்று தீர்த்தது. அவர் அதை நாட்டுக்கே கொடுத்தார். ஆயிரமாண்டுக்கும் மேற்பட்ட காலத்துக்கு முன் இறந்த ஒருவரின் உள்ளக்கருத்தை ஆராய்ந்து உடைமையைத் தீர்மானித்த இம்முறை வியப்பூட்டினும், அதன் விளைவு காணிக்கைகளுக்குக் கேடாகவே முடிந்தது. தெய்வத்துக்குக் கொடுத்தது திரும்ப எடுக்கும் எண்ணமின்றிக் கொடுத்தது. எனவே அது அரசின் காப்புக்கு வெளியே நின்றது. கொடையின் முழுமையே அதன் பாதுகாப்பின்மைக்குக் காரணமாயிற்று.

1980களில் சர்ரே மாவட்டத்தின் வான்பரோ என்னுமிடத்துக் கோயில் மண்ணில் இது நேரடியாகத் தெரிந்தது. அங்கு பொன், வெள்ளி நாணயங்கள் இருப்பது வெளியே தெரிந்ததும், மெட்டல் டிடெக்டருடன் இரவில் வந்தவர்கள் நிலத்தைக் குழிகுழியாகத் தோண்டினர்; ஆயிரக்கணக்கான நாணயங்கள் எங்கிருந்து, எவ்வரிசையில் எடுக்கப்பட்டன என்ற பதிவே இல்லாமல் வணிகத்தில் கலந்தன. குற்றஞ்சாட்டப்பட்டவர்கள்மீதான வழக்கில், அந்நாணயங்கள் மீட்கும் எண்ணத்தோடு புதைத்தவையா, கோயிற் காணிக்கையா என்ற ஐயமே அரசுத் தரப்பைத் தளர்த்தியது. அதன்பின் சர்ரே தொல்லியல் கழகம் முன்னின்று நடத்திய முயற்சி, 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்துக்கு வழிவகுத்தவற்றுள் முக்கியமானது. புதிய சட்டம் புதைத்தவரின் எண்ணத்தைக் கேட்பதை விட்டது. முந்நூறு ஆண்டுக்கு மேற்பட்டதாகவும், பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் பொன்னோ வெள்ளியோ கொண்டதாகவும் உள்ள பொருளும், பழங்கால நாணயத் தொகுதிகளும் புதையல் என வரையறுத்தது. கண்டவர் பதினான்கு நாளுக்குள் மரண விசாரணை அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும், அருங்காட்சியகம் பெற்றுக்கொண்டால் கண்டவருக்கும் நிலத்துக்குரியவருக்கும் பரிசுத்தொகை உண்டு என்றும் விதித்தது. நடைமுறைக்கு இது பெரும் நன்மை. ஆனாலும் 2023 வரை, தனித்துக் கிடைத்த ஓர் ஈயத் தகடு சட்டத்தின் வரையறைக்குள் வரவில்லை. ஒருவர் தம் வேதனையையும் நம்பிக்கையையும் எழுதித் தெய்வத்திடம் ஒப்படைத்த தகடு, அதில் வெள்ளி இல்லை என்ற காரணத்தால் சட்டத்தின் பார்வையில் எளியதாயிற்று. உலோகத்தின் விலையைக் கொண்டு புனிதத்தை அளந்ததன் குறை அது.

இங்கு எதிர்வாதங்களை நேர்மையாக எடைபோட வேண்டும். முதலாவது, அந்தத் தெய்வம் இல்லை என்றோ, இருப்பதாக நம்புவார் இல்லை என்றோ சொல்லி, பெறுபவர் இல்லாத கொடை செல்லாது எனும் வாதம். ஆனால் கொடையின் ஒரு பாதி பெறுவது என்றால் மறு பாதி விடுவது. பெறுபவரைப் பற்றி எவ்வளவு ஐயம் இருந்தாலும், விட்டது நிகழ்ந்தது; அதற்குச் சாட்சி பொருளே. தொசிலியானுஸின் முறையீட்டைத் தேவி ஏற்றாளா என்பது நம்பிக்கையைப் பொறுத்தது. அவர் அதை எழுதி ஊற்றில் இட்டார் என்பது வரலாறு. தெய்வத்தின் உரிமையை மறுப்பவரும், கொடுத்தவர் தமக்கோ தம் வழியினருக்கோ பிற மனிதருக்கோ அதை வைத்துப்போகவில்லை என்பதை மறுக்க இயலாது.

இரண்டாவது, பண்டைய மக்களே காணிக்கைகளைக் கலைத்தனர் என்ற வாதம். அது உண்மை. காணிக்கை நிறைந்து இடம் போதாதபோது பழையவற்றைப் பூசாரிகள் அகற்றினர். ஆனால் அவற்றைக் கோயில் எல்லைக்குள்ளேயே ‘ஃபவிஸ்ஸே’ எனப்பட்ட குழிகளில் புதைத்தனர். தெய்வத்தின் முன்னிருந்து நீங்கிய பின்னும் அப்பொருள் மனிதர் புழக்கத்துக்குத் திரும்பக்கூடாது என்ற எண்ணமே அக்குழிகளுக்குக் காரணம். கி.மு. 86இல் போர்ச்செலவுக்காக டெல்ஃபி, ஒலிம்பியா, எபிடாரஸ் கோயில்களின் செல்வத்தை எடுத்த ரோமத் தளபதி சுல்லாவும், பின்னர் தீப்ஸ் நகரத்தின் நிலத்தில் பாதியைப் பிரித்து அதன் வருவாய் அத்தெய்வங்களுக்குச் சேரவேண்டும் என்று ஆணையிட்டார். எடுத்தவரே கடன் என்று ஒப்புக்கொண்டது, கொடையின் வலிமையைத்தான் காட்டுகிறது.

மூன்றாவது வாதமே வலியது: தொடாமல் விடுவது எனும் பிளேட்டோவின் அறிவுரை, அசையாத மண்ணுக்குப் பொருந்தும், உழுநிலம் அசையும் மண். கலப்பை ஆண்டுதோறும் கீழ்மண்ணைப் புரட்டிப் பானைகளை நொறுக்குகிறது; உரங்கள் வெண்கலத்தை அரிக்கின்றன. எடுக்காமல் விட்டால் காணிக்கை தெய்வத்திடம் இருப்பதில்லை, அழிகிறது. மெட்டல் டிடெக்டரைக் கையாள்பவர்களில் பலர் நிலத்துக்குரியவரின் ஒப்புதலோடு தேடி, கண்டதை உள்ளபடி தெரிவிப்பவர்கள் என்பதும், 1997இல் தொடங்கிய தொல்பொருள் பதிவுத் திட்டத்தில் பதினைந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் பதிவாகியிருப்பது பெரும்பாலும் அவர்களால்தான் என்பதும் மறக்கத்தக்கவை அல்ல. எனவே எடுக்கலாமா என்பதைவிட, எடுக்கும்போது எதை அழியாமல் காக்க வேண்டும் என்பதே முதன்மையான கேள்வி.

அதற்கு விடை தரும் இரு கண்டெடுப்புகளைக் கூர்ந்து காணலாம். 2010இல் சாமர்செட் மாவட்டத்து ஃப்ரோம் அருகே ஒரு வயலில், மெட்டல் டிடெக்டருடன் தேடியவர் பானை ஒன்றின் வாயைக் கண்டதும் தோண்டுவதை நிறுத்தித் தொல்லியலாளரை அழைத்தார். அதிலிருந்தவை மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த 52,503 நாணயங்கள். எடை ஏறத்தாழ 160 கிலோ. பானையை அடுக்கடுக்காகப் பிரித்தெடுத்தபோது, அத்தொகுதியில் காலத்தால் பிந்திய கரௌசியுஸ் என்னும் ஆட்சியாளரின் நாணயங்களில் பெரும்பாலானவை பானையின் கீழ்ப்பாதியில் இருந்தன. ஆண்டுக்காண்டு சேர்த்த சேமிப்பாக இருந்தால் அவை மேலே இருந்திருக்கும்; ஆகவே முழுப் பானையும் ஒரே சமயத்தில் நிரப்பப்பட்டது என்பது தெளிவாயிற்று. இவ்வளவு எடையை அந்த மெல்லிய பானை தாங்கியிருக்காது என்பதால், முதலில் பானையை மண்ணில் வைத்து, பின்னர் நாணயங்களைக் கொட்டியிருக்க வேண்டும். திரும்ப எடுப்பதும் எளிதாக இருந்திருக்காது. இதிலிருந்து, இது ஒரு சமூகம் கூடித் தெய்வத்துக்கு இட்ட கொடையாக இருக்கலாம் என்ற கருத்தை ஆய்வாளர்கள் முன்வைத்தனர். கண்டெடுத்தவர் அள்ளிப் பையில் போட்டிருந்தால், நாணயங்களில் ஒன்றும் குறைந்திருக்காது. ஆயினும் அவை சேமிப்பா காணிக்கையா என்று கேட்கும் வழியே அடைபட்டிருக்கும்.

2002இல் ஹார்ட்ஃபர்ட்ஷயரின் ஆஷ்வெல் அருகே வயலொன்றில் கிடைத்த பொன், வெள்ளித் தொகுதி இதை மேலும் தெளிவாக்குகிறது. அதில் பொன் அணிகலன்களும், ஒரு பெண்தெய்வத்தின் சிறிய வெள்ளி உருவமும், இலைவடிவக் காணிக்கைத் தகடுகளும் இருந்தன. தகடுகளில் ஈட்டியும் கேடயமும் ஏந்திய மினர்வாவின் உருவம் புடைத்திருக்க, வாசகங்களோ செனூனா என்ற, அதுவரை ஆய்வாளர் அறியாத தேவியின் பெயரைச் சொல்லின. கண்டவர் உடனே தெரிவித்ததால் அவ்விடத்தில் முறையான அகழாய்வு நடந்தது. அங்கே அந்த வெள்ளி உருவத்தின் பீடம் தனியே கிடைத்தது. ஃப்ளாவியா குனோரிஸ் என்னும் பெண் தேவி செனூனாவுக்குத் தம் வேண்டுதலைத் தீர்த்தார் என்று அப்பீடத்தில் பொறித்திருந்தது. உருவம் மட்டும் ஏலத்துக்குப் போயிருந்தால், பெயரற்ற ஒரு வெள்ளிப் பதுமையாகவே அது விலைபோயிருக்கும். உருவமும் பீடமும் இடமும் சேர்ந்ததால், ஒரு தேவி பெயர் பெற்றாள். கொடுத்தவளும் கொடுத்ததும் பெற்றவளும் மீண்டும் ஒரே செயலுக்குள் வந்தனர்.

இதிலிருந்து எழும் முடிவு இது: காணிக்கை என்பது ஒரு பொருளாக மட்டும் இருப்பதில்லை, பொருள், இடம், கொடுத்தவரின் சொல் ஆகிய மூன்றும் பிணைந்த ஒரு செயலாக அது மண்ணில் நிலைத்திருக்கிறது. பொருளை மட்டும் பிரித்தெடுப்பவர் பொருளைக் காப்பாற்றிக் கொடையை அழிக்கிறார். இடத்தையும் ஆழத்தையும் அடுக்கையும் பதிந்து எடுப்பவர், அத்தெய்வத்தை வணங்காதவராயினும், அக்கொடைக்குச் செய்யத்தக்க கடைசி வழிபாட்டைச் செய்கிறார்.

இந்த முடிவுக்கு இங்கிலாந்தின் நீதிமன்றமே ஒரு முன்மாதிரியைத் தந்திருக்கிறது. அது தமிழ் மண்ணிலிருந்து போன வழக்கு. 1976இல் அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில், இடிந்துகிடந்த விசுவநாதசுவாமி கோயிலருகே மண்ணைத் தோண்டிய தொழிலாளி ஒருவர் நடராசர் செப்புத்திருமேனியைக் கண்டெடுத்தார். அது கைமாறி இலண்டன் சேர்ந்தது. வழக்கில், திருமேனியில் ஒட்டியிருந்த மண்ணும் கரையான் தடங்களும்கூட அது எந்த இடத்துக்குரியது என்பதை நிறுவச் சான்றாயின. வழிபாடு நின்று நெடுங்காலமான கோயிலும் இந்தியச் சட்டப்படி உரிமை கோரவல்ல ஒரு சட்ட ஆள் என்பதை ஏற்று, மேல்முறையீட்டு மன்றம் 1991இல் திருமேனி திரும்பவேண்டும் என்ற தீர்ப்பை உறுதிசெய்தது. நடராசரைப் புதைத்தவர்கள் இடர்காலம் கழிந்தபின் மீண்டும் எழுந்தருளச் செய்யும் எண்ணத்தோடு புதைத்தனர் என்று கருத இடமுண்டு. செனூனாவுக்குக் கொடுத்ததோ திரும்ப எடுக்கக் கொடுத்ததன்று. நடராசருக்கு வணங்குவோர் உண்டு, அவர் சார்பில் வழக்காட ஆட்கள் உண்டு, செனூனாவுக்கு இல்லை. இவ்வேறுபாடுகள் மெய்யானவை. ஆயினும் கொடுத்தவரின் பக்திக்கருத்து கோயில் இடிந்ததோடு இறந்துவிடுவதில்லை என்ற கொள்கை ஓரிடத்தில் சரியென்றால், வணங்குவோர் எண்ணிக்கையைக் கொண்டு மற்றோரிடத்தில் அது பொய்யாகிவிடாது. பேச ஆள் இல்லாத தெய்வத்தின் பொருளைக் காப்பதில் பொறுப்பு கூடுமே தவிரக் குறையாது.

அந்தப் பொறுப்புக்கு ஏற்ற நிலை உடைமையாளர் நிலை அன்று, அறங்காவலர் நிலை. அறங்காவலர் பொருளைக் கையில் வைத்திருக்கலாம், காக்கலாம், காட்டலாம். தம்முடையது என்று சொல்லலாகாது, கொடையின் நோக்கம் சிதையுமாறு பிரித்து விற்கலாகாது. இதன்படி, மெட்டல் டிடெக்டருடன் வயலில் நடப்பவருக்கு, உழுத மண்ணுக்குக் கீழே குறிகாட்டினால் கையை நிறுத்தி அறிந்தவரை அழைப்பது கடமை. நிலத்துக்குரியவருக்கு, தம் வயல் ஒருகாலத்தில் மற்றவரின் கோயிலாக இருந்தது என்பதை மதிப்பது கடமை. அருங்காட்சியகத்துக்கு, வெள்ளி உருவத்தின் அருகில் அதன் விலையையோ அழகையோ மட்டும் எழுதாமல், குனோரிஸ் என்ற பெயரையும் அவர் வேண்டுதலையும் எழுதிவைப்பது கடமை. சட்டத்துக்கு, உலோகத்தின் மதிப்பைப் பாராமல் எழுத்துப் பொறித்த ஈயத்தையும் காப்பது கடமை. கண்டவருக்குத் தரும் பரிசுத்தொகை இதற்கு முரணன்று. காவலுக்குக் கூலி உண்டு, ஆனால் கூலி பெற்றதால் காவலர் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை.

நம்பிக்கைகள் மாறும், தெய்வங்களின் பெயர்கள் மறக்கும், சமயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே மண்ணில் குடியேறும். இவற்றுள் எந்தச் சமயத்தைச் சார்ந்தவராயினும், சாராதவராயினும், ஒருவர் தமக்குரியதைத் தம்மினும் உயர்ந்தது என்று கருதியதற்கு விட்டுக்கொடுத்த செயலை மதிப்பது எல்லாருக்கும் பொதுவான அறம். பிறர் தெய்வத்துக்குக் கொடுத்ததை மதியாதவர், தம் தெய்வத்துக்குத் தாம் கொடுப்பதைப் பிற்காலத்தவர் மதிக்கவேண்டும் என்று கேட்கும் உரிமையை இழக்கிறார்.